இடது காலுக்கு வேலை இல்லை

வளைவுப் பலகையில் 40/40 என்று வந்தபோதே சொல்லியிருக்கலாம். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு இறங்குகிறவர்களுக்கு அந்தப் பலகைகள் தலைகீழாக எண்ணும், நாற்பது, முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு, கடைசியில் ஒன்று வரும்போது மலை முடிந்து வெயில் வந்துவிடும், அப்புறம் பொள்ளாச்சி, வொர்க்‌ஷாப், ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு வயரைச் சொருகினால் வண்டி தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் கக்கிவிடும் என்று என் கணவர் தரணி சொல்லியிருக்கிறார். ஆக எனக்கு நாற்பது வளைவு இருக்கிறது. நாற்பதில் ஒன்றில் வாயைத் திறந்தால் போதும். அந்தக் கால் என்னுடையதுங்க. மூன்றே வார்த்தை. மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது, உதடு வரைக்கும் வந்தது, வந்ததும் முன்சீட்டில் என் கணவரின் பின்னந்தலை தெரிந்தது, நேற்றுத்தான் முடி வெட்டியிருந்தார், கழுத்தில் ஒரு வெள்ளைக் கோடு, அதைப் பார்த்ததும் வார்த்தை திரும்பிப் போய்விட்டது. இடப்பக்கம் தரணி, வலப்பக்கம் வண்டி ஓட்டுகிற எங்கள் டிரைவர் ஆறுச்சாமி, பின்சீட்டில் நான், என் பக்கத்தில் குழந்தைச் சீட்டில் வார் போட்டபடி ஆதிரை, எட்டு மாதம், எங்களுக்குப் பின்னால் பிக்கப்பின் தொட்டி, காலியாக. கீழே போகும்போது காலியாகத்தான் போகும், திரும்பும்போது எங்கள் ஹோம்ஸ்டேவுக்கு அரிசி, காய்கறி, சலவைக்குப் போட்ட விரிப்புகள் என்று நிறைந்து வரும். இன்றைக்குத் திரும்பும்போது ஒரு ஆள் குறையும். அதுவும் தரணி சொன்னதுதான், காலையில் பல் தேய்த்துக்கொண்டே, வாயில் நுரையோடு. "கம்ப்யூட்டர்ல காட்டிருச்சுன்னா அங்கயே சாவிய வாங்கிட்டு ஆளப் பஸ் ஏத்தி விட்டுருவேன் விது. பாவம் பாத்தா வண்டி போயிரும்." நான் அப்போது ஆதிரைக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன். இடது காலுக்கு.

வண்டிக்கு வந்திருப்பது ஒரு நடுக்கம். மலையில் வராது. சமதளத்தில் ஐம்பது அறுபது வேகத்தில், ஆக்சிலரேட்டரில் கால் பட்டும் படாமலும் இருக்கும்போது வரும், கோடுகோடாகப் போட்ட வேகத்தடைமேல் ஏறினதுபோல் இரண்டு நொடி, டர்ர்ர் என்று, சீட்டுக்கு அடியிலிருந்து முதுகெலும்பு வழியாகப் பல்லுக்கு ஏறி உடனே நின்றுவிடும், வந்ததா வரவில்லையா என்று நமக்கே சந்தேகமாகிவிடும். அழப்போகிறதுக்கு முன்னால் ஆதிரை கீழுதட்டைப் பிதுக்குவாளே, எனக்கு அதுதான் ஞாபகம் வரும். தரணி போன வாரம் வொர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து அந்த டர்ர்ரை வாயாலேயே செய்துகாட்டினார். அந்தப் பக்கம் இருந்தவர் சிரித்தார். "சார், யாராச்சும் ரெண்டு காலயும் போட்டு ஓட்டுறாங்களா?" என்று கேட்டார். ஆட்டோமேடிக்கில் கிளட்ச் இல்லை, இரண்டே பெடல், இரண்டையும் வலது கால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், கிளட்ச் மிதித்தே பழகினவர்களுக்கு இடது காலைச் சும்மா வைக்கத் தெரியாது, பிரேக்மேல் கொண்டுபோய் வைத்துக்கொள்வார்கள், லேசாகத்தான், அவர்களுக்கே தெரியாது, ஆனால் ஒவ்வொரு தடவை பிரேக் தொடும்போதும் கியர்பாக்ஸ் உள்ளே பிடித்திருக்கிற பிடியை விடும், மறுபடி பிடிக்கும், விடும், பிடிக்கும், அந்தச் சூட்டில் ஆயில் கருகிப்போகும், கருகின ஆயிலில் பிடி வழுக்கும், வழுக்குகிற சத்தம்தான் சார் நீங்க வாயில போட்டது, என்றார். எனக்கு வெண்டைக்காய் நறுக்குகிற கை நின்றுவிட்டது. தரணி போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "நீ இல்லியே?" என்றார். "இல்ல" என்றேன். அந்த 'இல்ல'வை நான் சொல்லவில்லை. அது தானாக வந்தது. மூன்றாவது கியரிலிருந்து நாலாவது விழுகிற மாதிரி, சத்தமே இல்லாமல், ஒரு சின்னத் தலையசைப்போடு. "அதான, நீ மொதல்ல தொட்டதே ஆட்டோமேடிக். உனக்குக் கிளட்ச்சுன்னா என்னன்னே தெரியாது. முப்பது வருஷம் பஸ்ஸுலயும் ஜீப்புலயும் கிளட்ச் மிதிச்ச ஆறுச்சாமி காலு எங்க போகும்?" என்று அவரே கேட்டு அவரே முடித்துக்கொண்டார். அவ்வளவு சுலபமாக என்னை விடுதலை பண்ணுவார் என்று நான் நினைக்கவில்லை.

முப்பத்திமூன்றாவது வளைவு. ஆறுச்சாமி கியர் லிவரை ஓரமாகத் தட்டி, மீட்டரில் இரண்டு என்று தெரியும்படி வைத்துக்கொண்டு இறங்குகிறார், அவர் பிரேக்கையே தொடுவதில்லை, இன்ஜின் ம்ம்ம் என்று பல்லைக் கடித்து வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது, யானைக்காரர்கள் வாலைப் பிடிக்கிற மாதிரி இருக்கும் அம்மிணி, என்று ஒருதரம் சொன்னார், எந்த யானைக்காரன் வாலைப் பிடிக்கிறான் என்று நான் கேட்டதற்குச் சிரித்தார். என் இடத்திலிருந்து பார்த்தால் இரண்டு சீட்டுக்கு நடுவில் அவருடைய இடது முழங்கால் தெரியும். மடங்கியிருக்கும். அவர் எப்போதும் வண்டியில் ஏறினதும் இடது கால் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டுவிட்டு, அந்தக் காலை மடக்கித் தொடைக்கு அடியில் போட்டுக்கொள்வார், சாப்பிட உட்கார்ந்த மாதிரி. வண்டி ஓட்டுவது ஒரே கால். ஒற்றைச் செருப்பு மிதியடிமேல் அனாதையாகக் கிடக்கும். நிரபராதி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும், தரணி கையை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கத்தில் அந்த முழங்கால் இருக்கிறது. தரணியும் அதைப் பார்த்தார். "ஆறுச்சாமி, கால எறக்கி ஒழுங்கா ஒக்காந்து ஓட்டுங்க. பெரிய வண்டி. பாக்கறவங்க என்ன நெனப்பாங்க?" அண்ணா போய்விட்டது. போன வாரம் வரைக்கும் ஆறுச்சாமியண்ணா. ஆறுச்சாமி சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "எறக்குனா அது சும்மா இருக்காதுங்க தம்பி. அதுக்குத்தான் கட்டிப் போட்டிருக்கறனுங்க" என்றார். "பாத்தியா விது, அவரே ஒத்துக்கறாரு, சும்மா இருக்காதாம்" என்று தரணி திரும்பி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் சிரித்தேன். சிரித்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். "நாஞ் சொன்னது என்ன, நீங்க புடிச்சது என்ன" என்றார் ஆறுச்சாமி, முனகலாக, ஆனால் காலை இறக்கவில்லை.

இந்த வண்டியை எனக்காகத்தான் வாங்கினார். ஆதிரை பிறந்து மூன்றாவது மாதம் எனக்குப் பயம் வந்தது. பயம் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், எல்லாத் தாய்க்கும் வரும் என்கிறார்கள், ஆனால் எனக்கு வந்தது எல்லாத் தாய்க்கும் வருவதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது, நான் அவளை எங்கேயாவது கை தவறிப் போட்டுவிடுவேன் என்று தோன்றும், படியில், கிணற்று மேடையில், போட வேண்டுமென்றில்லை, கை தானாகப் பிரிந்துவிட்டால்? ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். இதைத் தரணியிடம் சொன்னேன். நம்பித்தான் சொன்னேன். அவர் தன் அம்மாவிடம் சொன்னார். அத்தை கெட்டவரில்லை, "நீ கொஞ்சம் தூங்கி எந்திரி கண்ணு, பாப்பா என் ரூம்லயே இருக்கட்டும்" என்றார். பதினொரு நாள். பசித்தால் கொண்டுவந்து மடியில் வைப்பார்கள், குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போவார்கள், நான் ஒரு பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருப்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சிணுங்கினால் இந்தப் பக்கம் எனக்குப் பால் வந்து ரவிக்கை நனைந்துவிடும், தானாக, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். அப்புறம் டாக்டர், மாத்திரை, தூக்கம். அப்புறம் இந்தப் பிக்கப். "கியரு போட வேணாம், கிளட்ச் வேணாம், எல்லாம் தானா நடக்கும் விது. நீ பாட்டுக்கு ஸ்டியரிங்கப் புடிச்சுக்க. தன்னால தைரியம் வந்துரும்" என்றார். தைரியம் வந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் சொன்னார், என் பொண்டாட்டி தனியா பாப்பாவக் கூட்டிட்டு டவுனுக்குத் தடுப்பூசிக்குப் போயிட்டு வர்றா தெரியுமா என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் குணமாகிவிட்டதற்கு அந்த வண்டிதான் அத்தாட்சி. அதை எப்படி நான் என் கையால், இல்லை, என் காலால் கிழிப்பேன்?

ஆனால் எல்லாம் தானாக நடக்கும் என்பதுதான் எனக்குப் பிடிக்காதது. முதல் நாள் லிவரை டி-யில், வண்டி முன்னால் போகிற நிலையில், போட்டுவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன், வேறு எதையும் தொடவில்லை, வண்டி நகர்ந்தது. யாரும் சொல்லாமல். மெதுவாக, நாய் தன் தட்டைப் பார்த்துப் போகிறமாதிரி, வாசல் கேட்டைப் பார்த்துப் போனது, பின்னால் குழந்தைச் சீட்டில் ஆதிரை இருந்தாள். அப்படித்தான் மேடம், டி-யில இருந்தா ஊர்ந்துக்கிட்டேதான் இருக்கும், என்றார் வண்டி கொடுக்க வந்தவர். ஊர்ந்துகொண்டேதான் இருக்கும். அன்றைக்கே என் இடது கால் போய்ப் பிரேக்மேல் உட்கார்ந்துவிட்டது, வலது கால் வேறு வேலைக்குப் போய்விட்டால் இதை யார் பிடிப்பது என்று. மேட்டில் ஏறும்போது அந்த கியர்பாக்ஸ் ஒரு நிலைக்கு வராமல் தவிக்கும், நாலு, இல்லை மூன்று, கொஞ்சம் சமமானால் நாலு, மறுபடி மூன்று, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு சின்னத் தள்ளல், யாரோ இருட்டில் நம் தோளைத் தொட்டுவிட்டு யாரோ என்று நினைத்துவிட்டேன் என்று விலகுவதுபோல். இறக்கத்தில் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், அதுவே ஒரு கியர் இறங்கி ஹூம்ம் என்று சத்தம் போடும், முதல்முறை நான் என்ன செய்தேன், நான் என்ன செய்தேன் என்று அலறிவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. அது முடிவெடுத்தது. ஓட்டுறவங்க கால அது கத்துக்கும் மேடம், அவங்க மிதிக்கிற மாதிரி கியர் போடும், என்றார் அதே மனிதர், பெருமையாக. அப்படியென்றால் இத்தனை மாதமாக அது என்னிடமிருந்து என்னத்தைக் கற்றிருக்கும்? போ என்று ஒரு கால், போகாதே என்று ஒரு கால். பாவம், அதுதான் நடுங்குகிறது.

இருபத்தாறு. இருபத்தைந்து. பனி கலைந்து அட்டகட்டிப் பக்கம் காடு தெரிய ஆரம்பித்தது. இரண்டு காலும் வேலை செய்யணும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது சிஸ்டர் ஜெசிந்தா, நான் படித்த கான்வென்ட் சாப்பலில் ஒரு கால்மிதி ஆர்கன் இருந்தது, லெஃப்ட் ரைட் லெஃப்ட் ரைட் என்று இரண்டு பலகையையும் மாறி மாறி மிதித்தால்தான் காற்று வரும், "ஒன் லேஸி ஃபுட் அண்ட் த ஹோல் ஹிம் டைஸ், விதுலா", ஒரு கால் நின்றாலும் பாட்டு செத்துவிடும். நான் நன்றாக மிதிப்பேன். கிறிஸ்தவப் பிள்ளை இல்லையென்றாலும் என்னைத்தான் உட்கார வைப்பார். சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தைப் பாதிரியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்பது, கத்தோலிக்கப் பிள்ளைகள் மட்டும் வரிசையாகப் போவார்கள், எங்களுக்கு அது கிடையாது, எங்களுக்கு மாரல் சயின்ஸ். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், என் தோழி ஃபிலோமினா உள்ளே போகும்போது இறுகின முகமாகப் போவாள், வரும்போது தலை குளித்தவள்போல் வருவாள், என்னடி சொன்ன என்றால், சொன்னா போச்சு, நீ ஒன்னும் தெரிஞ்சுக்க வேணாம் என்பாள். பொறாமையாக இருக்கும். எனக்கும் சொல்ல இருந்தது, ஆர்கனின் ஒரு கட்டையை உடைத்தது நான்தான், பியூன் அந்தோணிசாமி தூக்கிவைக்கும்போது இடித்துவிட்டார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நான் அப்படி நினைக்கச் சொல்லவில்லை, நினைக்காதீர்கள் என்றும் சொல்லவில்லை. மாரல் சயின்ஸ் பரீட்சையில் அந்த வருடம் எனக்குத்தான் முதல் மார்க். ஆக இது புதிது இல்லை. இந்தப் பாதையில் நான் முன்னமே போயிருக்கிறேன், வளைவெல்லாம் தெரிந்த பாதை.

ஆறுச்சாமிக்குத் தெரியும். அதுதான் இருப்பதிலேயே மோசம். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆதிரையின் டயபர் பையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன், அவர் பைக்கில் துரத்திக்கொண்டு வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது, டவுனில் ஆஸ்பத்திரி வாசலில் பையை நீட்டிக்கொண்டு நின்றார். கொடுத்துவிட்டுப் போகவில்லை. தலையைச் சொறிந்தார். "அம்மிணி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?" "சொல்லுங்கண்ணா." "ஊட்டுல இருந்து இதுவரைக்கும் உங்க பின்னாலயே வந்தனுங்க. பின்னாடி செகப்பு லைட்டு ஒரு எடத்துலகூட அணையலீங்க. மேடு ஏறுறப்பகூட எரியுதுங்க. மேட்டுல ஆராச்சும் பிரேக்குப் புடிப்பாங்களா?" எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் குனிந்து, தன் இடது செருப்பைக் கழற்றி, கையில் எடுத்துக் காட்டினார், நடுரோட்டில், நான் சிரித்துவிட்டேன். "எடது காலுக்கு இங்க வேல இல்லீங்க அம்மிணி. ஊட்டுல வேல இல்லாத ஆளு சும்மா இருக்க மாட்டாம எதையாச்சும் போயி நோண்டுவான் பாருங்க, அதாட்டந்தான். மடக்கிப் போட்டுருங்க. நானே அப்பிடித்தான். மொத நாளு கிளட்ச்சுன்னு நெனச்சுப் பிரேக்க மிதிச்சு, தம்பி மண்ட கண்ணாடியில போயி முட்டுச்சு, மறந்துட்டீங்களா?" அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் பத்து நாள் மடக்கி வைத்துப் பார்த்தேன். பதினோராம் நாள் ஆதிரை பின்னால் இருமினாள், திரும்பிப் பார்த்தேன், கால் போய்விட்டது. இப்போது பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவர் கண் ஒரு வளைவுக்கு ஒருதரம் வந்து என்னைத் தொட்டுவிட்டுப் போகிறது. கோபம்கூட இல்லை. பஸ் ஓட்டினவர் இல்லையா, ஆள் ஏறுகிற மாதிரி தெரிகிறது, ஏறட்டும் என்று நிறுத்திவைத்திருக்கிற பார்வை. பதினேழு. பதினாறு. அவர் சம்சாரம் எங்கள் சமையல்கட்டில் ரொட்டி போடுகிறாள், எங்கள் வீட்டுப் பின்பக்கத்து அறையில்தான் குடியிருக்கிறார்கள், ஆளைப் பஸ் ஏத்தி விட்டால் அந்த அறை என்ன ஆகும் என்று தரணி யோசித்தாரா, நான் யோசித்தேனா, யோசித்தேன், யோசித்துவிட்டு ஆதிரைக்குச் சாக்ஸ் போட்டேன்.

ஒன்பதாவது வளைவில் எல்லா வண்டியும் நிற்கும், அங்கிருந்து ஆழியாறு அணை மொத்தமாகத் தெரியும். பாறைமேல் இரண்டு வரையாடுகள் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன, இறங்கிவந்ததற்கு வெட்கப்படுகிற முகமாக எனக்குத் தெரிந்தது, என் முகம்தான். தரணி கேனில் டீ விற்கிறவரிடம் மூன்று வாங்கினார். ஆறுச்சாமி தன் டம்ளரைக் கைப்பிடிச்சுவர்மேல் வைத்துவிட்டு, அணையைப் பார்த்தபடி, "ஏனுங்க தம்பி, என் காலாலதான் வண்டி போச்சுன்னு முடிவே பண்ணிட்டீங்களா?" என்றார். "நான் முடிவு பண்ணலீங்க, வண்டி சொல்லும்." "வண்டி நடுக்கத்தச் சொல்லும். ஆரு காலுன்னு சொல்லுமா?" என்று கேட்டுவிட்டு, அவர் தரணியைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஆட்டைப் பார்த்தார். இதுதான் நிறுத்தம். ஏறு விதுலா. ஆதிரை என் தோளில் எச்சில் ஒழுக விட்டுக்கொண்டிருந்தாள், நான் அவள் வாயைத் துடைத்தேன், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன், டீ ஆறி ஏடு கட்டியது. தரணிக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் விரலைச் சொடுக்குவார். "சரி, இப்பிடிப் பண்ணுவோம். மிச்ச மலைய விது ஓட்டட்டும். கிளட்ச்சே தெரியாத காலு. அவ ஓட்டுறதயும் நீங்க ஓட்டுறதயும் நீங்களே ஒக்காந்து பாருங்க. அப்பறம் பேசலாம்." அவர் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார், நல்ல எண்ணத்தில், பெருமையோடு. ஆறுச்சாமி கையை நீட்டினார். ஆதிரையை வாங்கிக் குழந்தைச் சீட்டில் வைத்து வாரை மாட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருடைய டீ குடிக்காமலேயே சுவர்மேல் இருந்தது.

ஏறி உட்கார்ந்தேன். சீட் அவர் உட்கார்ந்த சூட்டோடு இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், இடது செருப்பைக் கழற்றினேன். காலை மடக்கி, புடவையைச் சரிசெய்கிறமாதிரி, தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டேன். அவர் சொல்லிக்கொடுத்தது அப்படியே. அவர் சொல்லிக்கொடுத்ததை வைத்தே அவரைக் கழுத்தறுக்க உட்கார்ந்தேன். லிவரை ஓரமாகத் தட்டி இரண்டில் வைத்தேன், எட்டாவது வளைவு, ஏழாவது, ஸ்டியரிங்கைப் பிடித்ததுதான் நான் செய்தது, இன்ஜின் முனகி வண்டியைப் பிடித்துக்கொண்டது, ஒரு குலுக்கல் இல்லை, ஒரு தள்ளல் இல்லை, இத்தனை மாதத்தில் நான் இவ்வளவு அழகாக ஓட்டினதே இல்லை. பயம்கூட இல்லை, அதுதான் ஆச்சரியம், பயம் இருக்கிற இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. "வெண்ணெ மாதிரி போகுது" என்றார் தரணி. "பாத்தீங்களா ஆறுச்சாமி, இதான் வித்தியாசம்." "பாக்கறனுங்க" என்று பின்னாலிருந்து வந்தது. "அம்மிணி காலு நல்லாத்தான் இருக்குதுங்க." கண்ணாடியைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. தரணி என் கையைப் பார்க்கிறார், மீட்டரைப் பார்க்கிறார், சாலையைப் பார்க்கிறார், ஒருதரம்கூடக் கீழே பார்க்கவில்லை, பார்த்திருந்தால் ஆறுச்சாமியின் மடக்கின கால் அப்படியே என்னிடம் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பார். ஆறு. ஐந்து. நாலு. ஃபிலோமினா, நீ உள்ளே போய் முதலில் என்ன சொல்வாய், எப்படித் தொடங்குவாய்?

மூன்றாவது வளைவு தாண்டினால் சாலை கொஞ்சம் சமமாகும். லிவரைத் திரும்ப டி-க்குக் கொண்டுவந்தேன், வலது காலை ஆக்சிலரேட்டரில் லேசாக வைத்தேன், மூன்று, நாலு, ஐந்து, ஐம்பது வேகம், அப்போது வந்தது. டர்ர்ர். சீட்டிலிருந்து முதுகுக்கு, முதுகிலிருந்து பல்லுக்கு. என் கால் மடங்கித்தான் இருக்கிறது, ஒழுங்காகத்தான் ஓட்டுகிறேன், ஆனாலும் வந்தது, கருகினது கருகினதுதான். ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. முடிந்தது, அவருக்குத் தெரிந்துவிட்டது, நான் சொல்ல வேண்டியதில்லை, வண்டியே சொல்லிவிட்டது. தரணி என் தோளில் கை வைத்தார். "பயப்படாத விது. உன் மேல தப்பில்ல. அவரு கெடுத்து வச்சது, நீ ஓட்டுனாலும் வரத்தான் செய்யும்." அவ்வளவு அன்பாகச் சொன்னார். பின்னால் ஆறுச்சாமி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது, பெரிய சத்தமில்லை, டயரில் காற்று பிடுங்கினால் வருகிற சத்தம். இந்த மனிதர் எதைப் பார்த்தாலும் என்னைக் காப்பாற்றிவிடுவார். வண்டி நடுங்காவிட்டால் ஆறுச்சாமி குற்றவாளி, நடுங்கினாலும் ஆறுச்சாமி குற்றவாளி. நான் சொன்னாலொழிய இது முடியாது, பொள்ளாச்சியில் முடியாது, எந்த வயரைச் சொருகினாலும் முடியாது. ஆதிரை சிணுங்கினாள். பால் வந்தது, தானாக. தானாக நடப்பது எல்லாம் நடந்து முடிந்தாயிற்று, இனி ஒன்றுதான் பாக்கி. தொடைக்கு அடியிலிருந்து இடது காலை எடுத்தேன். மரத்துப்போயிருந்தது. வெறுங்காலைக் கொண்டுபோய்ப் பிரேக்மேல் வைத்தேன். இத்தனை மாதத்தில் முதல்முறையாக அது தானாகப் போகவில்லை, நான் வைத்தேன், வைத்து அழுத்தினேன், வலது காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுக்கவில்லை, இன்ஜின் திணறியது, வண்டி முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் மூக்கைத் தரையில் குத்திக்கொண்டு உறுமியது. "ஏய், என்ன பண்ற!" என்றார் தரணி. "குனிஞ்சு பாருங்க" என்றேன். "என்ன?" "கையப் பாக்காதீங்க. குனிஞ்சு என் காலப் பாருங்க."

குனிந்தார். அந்த வெள்ளைக் கோடு என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்தது. ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார், அவ்வளவு நேரம் பார்க்க அங்கே ஒன்றுமில்லை, இரண்டு பெடல், இரண்டு கால். நான் இரண்டையும் எடுத்தேன். வண்டி ஊர்ந்தது. இரண்டாவது வளைவின் பலகை மெதுவாகப் பக்கத்தில் வந்து போனது, முப்பத்தெட்டு வளைவு சும்மா வந்திருக்கிறேன் என்று கணக்கு காட்டிவிட்டுப் போனது. "எத்தன நாளா?" "மொத நாள்ல இருந்து." "அன்னிக்கு நான் கேட்டேனே?" "கேட்டீங்க." "ஏன் விது?" சொன்னேன். பாப்பாவை மறுபடி அந்த ரூமுக்குக் கொண்டுபோயிடுவீங்கன்னு. எனக்கு இன்னும் பயம் போகலைன்னு தெரிஞ்சா கொண்டுபோயிடுவீங்கன்னு. குரல் உடையவில்லை, அழவுமில்லை, மார்க் வாங்குகிற பிள்ளைமாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன், அதற்கும் சேர்த்து வெட்கமாக இருந்தது. ஃபிலோமினா மாதிரி தலை குளித்ததுபோல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. ஈரத்தோடு நிற்கிறதுபோல்தான் இருந்தது. தரணி நிமிர்ந்து நேராகச் சாலையைப் பார்த்தார், என்ன முடிவு செய்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை, கியர் மாறுகிறபோது தெரியாதே அப்படி. அப்புறம் திரும்பாமலே, "ஆறுச்சாமியண்ணா" என்றார். அண்ணா என்று வந்தது. அதற்குமேல் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஆதிரை ஆறுச்சாமியின் சுண்டுவிரலைப் பிடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள், அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் வெளியே, வெயில் தொடங்குகிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத அந்த ஒம்பதாவது வளைவுலயே சொல்லியிருந்தீங்கன்னா, அம்மிணி," என்றார், "நான் அந்த டீயக் குடிச்சிருப்பனுங்க."